மசாஜ் சிகிச்சை உரிம வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மாநிலங்களின் மசாஜ் சிகிச்சை உரிம வாரியங்களுக்கும் அவற்றின் கூட்டமைப்புக்கும் வணக்கம்.

டெக்சாஸில் உரிமம் பெற்று இத்தொழிலைச் செய்துவருபவன் நான். இணையவழிக் கல்வியை எந்த அளவுக்கு ஏற்பது என்று விதி வகுக்கும்போது, மொத்த நேரத்தில் இத்தனை விழுக்காடு என்று பொதுவாக வரையறுக்காமல், பாடவாரியாகப் பிரித்து அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் மாநிலச் சட்டம் கேட்கும் 500 மணி நேரத்தில் உடற்கூறுக்கு 50, நோய்க்குறியியலுக்கு 40, சட்டத்துக்கும் வணிக நடைமுறைக்கும் தொழில்நெறிக்கும் சேர்த்து 45 என ஒதுக்கப்பட்டுள்ளது. இவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். இரவுப் பணி முடித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் ஒரு தாய், எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் படிக்க முடிவது பெரிய உதவி. அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் கைமுறைகளுக்கான 200 மணி நேரமும், மேற்பார்வையில் செய்யும் 50 மணி நேரப் பயிற்சியும் திரைக்குப் போகவே கூடாது.

மாணவனாக இருந்தபோது ஒருநாள் சக மாணவரின் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆசிரியை தம் கையை என் கைமேல் வைத்த மறுநொடியே, "கட்டைவிரலால் குத்துகிறாய், உடம்பைச் சாய்த்து எடையை இறக்கு" என்றார். கேமராவுக்கு அது தெரிந்திருக்காது. ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும், அழுத்தாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பாடம் சொல்லித்தரும். இரண்டு கால்களையும் மாறி மாறித் தொட்டு அந்தச் சூட்டு வேறுபாட்டை உணர்வதற்கோ கை பழகியிருக்க வேண்டும்.

எங்கள் மாநிலத்தில் உரிமம் பெற எழுதும் எம்பிளெக்ஸ் (MBLEx) தேர்வு, 110 நிமிடத்தில் 100 கேள்விகளுக்குக் கணினியில் விடையளிக்கும் தேர்வு. அங்கே மசாஜ் மேசையும் இல்லை, அதில் படுத்திருக்க ஆளும் இல்லை. ஆகவே எங்கள் மாநிலத்தில் உரிமத்துக்கு முன் ஒருவரின் கையைச் சோதித்துப் பார்க்கும் இடம் பயிற்சிப் பள்ளி ஒன்றே.

நியூயார்க் 1000 மணி நேரம் கேட்கிறது. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் தொழில் செய்ய வழிசெய்யும் மாநிலங்களுக்கிடையிலான மசாஜ் ஒப்பந்தம் 625 கேட்கிறது. இப்படி மாநிலம் விட்டு மாநிலம் போகிறவரின் படிப்புச் சான்றில் மொத்த எண் மட்டும் இருந்தால் போதாது. நேரில் பயின்ற நேரம் தனியாகவும் இணையத்தில் படித்த நேரம் தனியாகவும் எழுதப்பட வேண்டும் என்பதை அடுத்த விதித் திருத்தத்திலேயே சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மசாஜ் சிகிச்சையாளர்