பிரேக் கேபிளைக் கட்டுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஈசூன் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளின் வாசலிலும் நிற்கும் சைக்கிள்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் பிரேக் கேபிளை ராஃபியா கயிற்றாலோ கறுப்பு டேப்பாலோ சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கட்டுவதில் தப்பில்லை. எதைக் கட்டுகிறோம் என்று பார்க்காமல் கட்டுவதுதான் வம்பு. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அக்கம்பக்கத்து சைக்கிள்களைப் பழுது பார்க்கிறேன், காசுக்கு அல்ல.

சட்டத்தில் கேபிளைப் பிடிக்கும் துண்டுகள் இரண்டு வகை. ஒன்று சும்மா கிளிப்பு. அவுட்டர், அதாவது உள்கம்பியை மூடியிருக்கும் வெளியுறை, தொங்காமல் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. இன்னொன்று ஸ்டாப்பர், சின்னக் கிண்ணம் போல இருக்கும். அவுட்டர் அதில் வந்து முட்டி நின்றுவிடும். அதற்கப்புறம் உள்கம்பி மட்டும் வெறுமையாகப் போகும். பிரேக்கைப் பிடிக்கும்போது உள்கம்பி எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவுக்கு அவுட்டர் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கலைத் தாங்குவது ஸ்டாப்பர்தான். கிளிப்பு உடைந்தால் கேபிள் டை எனும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போதும். ஸ்டாப்பர் பிய்ந்த இடத்தில் டை போட்டால், அவசரத்துக்குப் பிடிக்கும்போது அவுட்டர் வழுக்கும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கைபிரேக்காவது வேலை செய்ய வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது.

புதுக்கோட்டைத் தம்பி ஒருவரின் வண்டியில் ஸ்டாப்பர்தான் போனது. அலுமினியச் சட்டம், மேல்குழாயில் ரிவெட் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "வேறு வண்டி வாங்கிக்கொள்" என்றாராம். இன்னொருவர் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றாராம். முதலாமவர் சொன்னது வீண்செலவு, இரண்டாமவர் சொன்னது ஆபத்து. சைக்கிள் சட்டத்துக்குப் போடும் 6061 வகை அலுமினியத்துக்குச் சூட்டில் பதப்படுத்தித்தான் பலம் ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் இறங்கிவிடும். இரும்புச் சட்டம் என்றாலும் நல்ல வண்டிகளில் குழாயின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கப்பல் தகட்டில் வைக்கும் மின்வெல்டிங்கை அங்கே வைத்தால் ஓட்டைதான் விழும். வெள்ளி கலந்த பற்றாசு போடத் தெரிந்தவர் கிடைத்தால் சரி. அப்போதும் பெயின்ட் கருகத்தான் செய்யும். குழாயின் நடுவில் புதிதாகத் துளை போடவும் வேண்டாம்.

தம்பியின் வண்டிக்கு நான் செய்தது, லீவரிலிருந்து பின் பிரேக் வரை துண்டாகாத ஒரே நீள அவுட்டர் போட்டதுதான். அவுட்டர் முழுதாக இருந்தால் முட்டி நிற்க நடுவில் ஸ்டாப்பரே தேவையில்லை. வழிநெடுகப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் போதும். பிரேக்குக்கு 5 மில்லிமீட்டர் அவுட்டர்தான். கியருக்கான 4 மில்லிமீட்டரை இதற்குப் போடக்கூடாது, அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும். பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டிக் குழாயைச் சுற்றி வைத்து, அதன் மேல் கேபிள் டையை இறுக்கினேன். ரப்பர் இருந்தால் வழுக்காது, பெயின்டும் உரசாது. டை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை டை நம்மூர் வெயிலுக்குச் சீக்கிரம் மொறுமொறுவென்று உடைந்துபோகும். இறுக்கும் முன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாய் பக்கம் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். டையின் மிச்ச வாலை நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தொடையைக் கிழிக்கும்.

 

எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளிகூட ஆகவில்லை. சிக்கல் கருவியில்தான். அவுட்டரைச் சாதாரணக் குறடால் வெட்டினால் வாய் நசுங்கி, உள்ளே கம்பி உரசும். கேபிள் வெட்டி ஒன்று வேண்டும். ஒரு சைக்கிளுக்காக அதை யார் வாங்குவார்கள்? தங்குவிடுதி நடத்துவோரும் சமூக மன்றங்களும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காற்றடிக்கும் பம்போடு ஒரு கேபிள் வெட்டியையும் சங்கிலி போட்டு மாட்டி வைக்கலாம். ஈசூன் பக்கம் யாராவது மாட்டினால், வாரக் கடைசியில் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார்.

ஈசூன் வாசகர்