புல்லட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

இனி நீ வாங்கப் பார்க்கும் அந்த 1986 புல்லட் 350. பளபளக்கும் பெயிண்டையும் குரோமையும் மறந்துவிடு. வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு உதிரிபாகம் இன்னமும் கிடைக்கிறது. ஓடாத வண்டியைக்கூட ஓட வைத்துவிடலாம். காகிதம் சரியில்லாததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே டார்ச்சும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் எடுத்துப் போ. சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில் எஞ்சின் நம்பர், ஃபிரேமின் கழுத்தில் சேஸிஸ் நம்பர், இரண்டும் ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அரம் போட்ட தடம் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடு. பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு ஐந்தைந்து வருஷமாக விற்பவர் புதுப்பித்திருக்கிறாரா பார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவராகக் கையெழுத்திடுபவர் ஆர்.சி.யில் உள்ளவராகவே இருக்க வேண்டும். இறந்துபோனவர் பெயரில் இருந்தால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாறட்டும், அப்புறம் பேசலாம்.

நீ வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படு. சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைத் தொடாமல் கிக்கரில் மெல்ல ஏறி நில். நல்ல எஞ்சின் உன் எடையைச் சில நொடி தாங்கும். உடனே இறங்கினால் வால்வோ ரிங்கோ காற்றை விடுகிறது.

நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். அதனால் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும், ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை கக்கும். பயப்படாதே, அவசரப்பட்டு ஆயிலும் ஊற்றாதே. நன்றாகச் சூடேறிய பிறகும் முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால்தான் போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருக்கிறது. எத்தனை தடவை ரீபோர் ஆயிற்று, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள் என்று கேள், 1 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்கெனவே போட்டிருந்தால் பெரும்பாலும் அடுத்தது உள்ளே புது உறை இறக்கும் ஸ்லீவ்தான்.

சத்தத்தை நிதானமாகக் கேள். மேலே லேசான டிக் டிக் என்றால் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி, அரைமணி வேலை. குளிர்ச்சியில் கேட்டுச் சூட்டில் அடங்குவது பிஸ்டன். சூடாகச் சூடாகக் கீழிருந்து கனமாக டொக் டொக் என்று வளர்ந்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனை புஷ் போய்விட்டது. எஞ்சினை முழுக்கப் பிரித்து, கிராங்கைப் பிரஸ்ஸில் கழற்றி, லேத்தில் சென்டர் பார்க்க வேண்டும். அங்கே ஆயில் போகாததுதான் பெரும்பாலும் காரணம். புஷ்ஷை மட்டும் மாற்றி, பம்பையும் ஃபில்டரையும் அப்படியே விட்டால் மறுபடியும் அதே கதைதான். பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் தலையில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி ஓட விடு; கொஞ்ச நேரத்தில் ஆயில் கசிய வேண்டும்.

ஓட்டும்போது கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே. பழகாத கால் தடுமாறும், காலி ரோட்டில் ஓட்டு. இரண்டாவது கியரில் இழுக்கும்போது நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர் பல் தேய்ந்திருக்கிறது. கடைசியாக, இரு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார். நேராக இல்லையென்றால் விபத்தில் அடிபட்ட ஃபிரேமா என்று கேட்டுவிடு.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், எஞ்சின் வேலைக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு மீதியிலிருந்துதான் விலை பேசு. நம்பர்களின் படமும் சூடான எஞ்சினின் சத்தப் பதிவும் எனக்கு அனுப்பு. நான் கேட்டுச் சொல்லும்வரை அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதே.

அன்புடன்,
மூர்த்தி