பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: அடாப்டர் வாங்குமுன் ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அடாப்டரில் எஸ்எஸ்டி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை." பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டில்லாத வேகமான எஸ்எஸ்டியைப் போடும் வேலையில் அடிக்கடி எழும் புகார் இதுதான். பெரும்பாலும் எஸ்எஸ்டியிலும் பழுது இருக்காது, அடாப்டரிலும் இருக்காது. அந்த இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

அடாப்டரைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குள் மொழிபெயர்க்கும் சிப் இருக்கிறதா, வெறும் கம்பிப் பாதைதானா? எம்.2 எஸ்எஸ்டியை (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி) இரண்டரை அங்குல டிஸ்க் வடிவத்துக்கு மாற்றும் சாதாரண உறையில் அப்படி ஒரு சிப் கிடையாது. லேப்டாப் தரும் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் சின்னச் சுற்று மட்டும் இருக்கும். மற்றபடி இந்தப் பக்கத்துப் பின்னை அந்தப் பக்கத்துப் பின்னோடு இணைக்கும் பலகைதான் அது. லேப்டாப்பின் டிஸ்க் இணைப்பு பேசும் மொழி சாட்டா. ஆகவே, உள்ளே போடும் எஸ்எஸ்டியும் சாட்டா பேசுவதாகவே இருக்க வேண்டும். என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டி பேசுவது பிசிஐஇ என்ற வேறு மொழி. அதை இந்த உறையில் போட்டால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) பெயர் வராது.

எஸ்எஸ்டியின் இணைப்பு முனை வரிசையில் உள்ள வெட்டைப் பார்த்துத் தரம் பிரிக்கலாம் என்பார்கள். ஒரே வெட்டு, எம் எனப்படும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இந்த "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் ஆள் விழுவது. இரண்டு வெட்டு உள்ள என்விஎம்இ எஸ்எஸ்டிகளும் உண்டு. வெட்டை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்: சாட்டா என்று இருந்தால் வாங்கலாம், என்விஎம்இ அல்லது பிசிஐஇ என்று இருந்தால் இந்த உறைக்கு ஆகாது.

இன்னொன்றையும் வியாபாரம் பார்க்காமல் சொல்லிவிடுகிறோம். லேப்டாப்பில் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருந்து, நீங்கள் எஸ்எஸ்டியைப் புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், அடாப்டரே வேண்டாம். அதே அளவில் வரும் சாட்டா எஸ்எஸ்டி நேராக உட்காரும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், புதியது 7 மிமீ என்றால், இடையில் 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாது. உறை தேவைப்படுவது, வேறொரு கணினியிலிருந்து கழற்றிய எம்.2 சாட்டா அல்லது எம்சாட்டா (எம்.2க்கு முந்தைய சிறு வடிவம்) எஸ்எஸ்டி கையில் இருக்கும்போதுதான். அப்போதும் மூடிய உலோக உறையை எடுங்கள். திறந்த பலகையில் பக்கவாட்டுத் திருகுத் துளைகள் இல்லாமல் போகலாம். கனெக்டரின் மேலேயே முழு எடையும் தொங்கும்.

டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க் வைக்கும் சட்டத்துக்குப் பெயர் கேடி. பெயர்தான் அப்படி, அளவு சரியாக இருந்தால் சாதுவான பொருள். டிவிடி டிரைவ்கள் 12.7 மிமீ, 9.5 மிமீ என்று இரண்டு தடிமனில் பரவலாக வந்தன. கழற்றி, அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே கேடி வாங்குங்கள். பழைய டிரைவின் முன்மூடியையும், பின்னால் திருகு பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டையும் மறக்காமல் கேடிக்கு மாற்ற வேண்டும். அந்தத் துண்டு இல்லையென்றால் லேப்டாப்பைத் தூக்கும்போது கேடி வெளியே நழுவும்.

கேடியில் எதை வைப்பது? எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியிலும் வையுங்கள். காரணம் உண்டு. இன்டெல் சிப்செட்களில் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்புகள்) நொடிக்கு 6 ஜிகாபிட் போகும் சாட்டா 2011இல் தான் வந்தது. அந்தத் தலைமுறையில் இரண்டு போர்ட்டுகளுக்கு மட்டுமே அந்த வேகம். டிவிடி இணைப்பு 3 ஜிகாபிட்டிலோ 1.5 ஜிகாபிட்டிலோ நின்றுவிடலாம். 6 ஜிகாபிட்டில் நொடிக்கு 550 எம்பி வரை போகும் எஸ்எஸ்டி, 3 ஜிகாபிட்டில் ஏறத்தாழ 270 எம்பியோடு நின்றுவிடும். அதற்காக 2011க்கு முந்தைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வீண் என்று நினைக்க வேண்டாம். பழைய டிஸ்க்கின் மந்தம், தலை ஒவ்வொரு கோப்பையும் தேடி அலையும் பத்துப் பதினைந்து மில்லிநொடியில் இருக்கிறது. அந்த அலைச்சல் எஸ்எஸ்டியில் இல்லை. போர்ட் மெதுவானாலும் இந்த லாபம் அப்படியே கிடைக்கும்.

44 பின் ஐடிஇ (சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு) டிஸ்க் உள்ள மிகப் பழைய லேப்டாப்புகளுக்கு வேறு கணக்கு. இங்கே அடாப்டரில் உண்மையான மொழிபெயர்ப்புச் சிப் இருக்கும். முதல் டிஸ்க்கா இரண்டாவதா என்று குறிக்கும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் இருந்தால் மாஸ்டரில் வையுங்கள். 28 பிட் முகவரி மட்டும் தெரிந்த பயாஸ் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. அங்கே 120 ஜிபி போதும்.

2013 நடுப்பகுதி முதல் 2015 வரை வந்த மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ ரெட்டினாவில் ஆப்பிளின் சொந்த ஸ்லாட் இருக்கிறது. அதன் வழியே போவது பிசிஐஇ என்பதால் சிப் இல்லாத சிறிய அடாப்டரில் என்விஎம்இ எஸ்எஸ்டி வேலை செய்யும். ஆனால் பழைய எஸ்எஸ்டியைக் கழற்றுமுன்பே மேக்ஓஎஸ் ஹை சியராவையோ அதற்குப் பிந்தையதையோ அதில் நிறுவிவிட வேண்டும். என்விஎம்இயிலிருந்து தொடங்கத் தேவையான ஃபர்ம்வேர் (கணினிக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த நிறுவலோடுதான் வருகிறது.

இனி மாற்றும் வேலை. முதலில் பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நிலைப் பதிவு) பாருங்கள். படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) இருந்தால் குளோன், அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது, பாதியில் நிற்கும். அப்படியானால் தேவையான கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது. டிஸ்க் நலமாக இருந்தால், எஸ்எஸ்டியை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிக் குளோன் செய்யுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முன்பே நீக்குங்கள். யுஎஸ்பி 2.0 வழியே நொடிக்கு 30 எம்பி என்று வைத்தால் 200 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். சார்ஜரை மாட்டி, ஸ்லீப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். 240 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 223 என்றே காட்டும். நிரம்பியிருக்கும் அளவு அதற்குள் அடங்க வேண்டும்.

பிறகு லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எம்.2 எஸ்எஸ்டியை 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளி, தட்டையாக அழுத்தி, சின்னத் திருகைப் போடுங்கள். திருகாமல் விட்டால் மேல் முனை எழும்பி, தொடர்பு விட்டு விட்டு வரும். குளோன் செய்த பழைய டிஸ்க்கை உடனே கேடியில் வைக்காதீர்கள். எஸ்எஸ்டி தனியாக ஒருமுறை ஒழுங்காக பூட் ஆகட்டும். ஒரே அடையாளம் கொண்ட இரண்டு டிஸ்க் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

பயாஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) பழைய ஐடிஇ என்று இல்லாமல் ஏஎச்சிஐ என்று இருப்பது நல்லது. ஆனால் பழைய விண்டோஸ் ஐடிஇ முறையில் நிறுவப்பட்டிருந்தால், அங்கே போய்ச் சட்டென்று மாற்றாதீர்கள்; நீலத் திரைதான் வரும். விண்டோஸ் 8க்குப் பிந்தையது என்றால், முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, மறுதொடக்கத்தின்போது பயாஸில் மாற்றுங்கள். ஒருமுறை சேஃப் மோடில் ஏறியதும் அந்த அமைப்பை நீக்கிவிடலாம்.

ஆர்டர் கொடுக்கும்போது மூன்று படங்கள் அனுப்புங்கள்: லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண், பழைய டிஸ்க்கின் கனெக்டர் பக்கம், உங்கள் எஸ்எஸ்டியின் லேபிள். கேடி என்றால் டிவிடி டிரைவின் தடிமனையும் மிமீயில் எழுதுங்கள். படத்தில் வரிசை எண் தெரிந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.