ஆடுகளத் திருப்பணியும் பயிற்சிப் பயணமும்: ஊடக, விளம்பரக் குழுவின் நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிரிக்கெட் கற்றுக்கொடுக்கப் போன பயிற்சிப் பயணம் முடிந்து குழுவினர் எல்லாரும் நலமாகத் திரும்பிவிட்டார்கள். பள்ளி மைதானத்தில் நாம் போட்டுக் கொடுத்த ஆடுகளத்தில் பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். கட்டுமானத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தருகிறார். ஊடகப் பங்காளிகளாக யாரைச் சேர்த்தோம், என்ன வாங்கினோம், என்ன கொடுத்தோம், எங்கே தவறினோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு நாளிதழ், ஒரு பண்பலை வானொலி, ஒரு விளையாட்டுக் காணொளி அலைவரிசை ஆகிய மூன்றும் நம்மோடு நின்றன. யாருக்கும் நாம் பணம் கொடுக்கவில்லை, யாரிடமும் வாங்கவும் இல்லை. அவர்கள் இடமும் நேரமும் தந்தார்கள். நாம் செய்தியும் படமும் தந்தோம். செய்தியில் நாம் தலையிட மாட்டோம், பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகளில் அவர்கள் தலையிடக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கினோம். எல்லாச் செய்தியும் தங்களுக்கு மட்டுமே வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. பேசிப் பார்த்து, புறப்பாட்டை நாளிதழுக்கும், பயிற்றுநர்களின் குரலை வானொலிக்கும், மைதானப் பணியைக் காணொளிக்கும் பிரித்துக் கொடுத்தோம். மூவருக்கும் அது சரியாக அமைந்தது.

முதல் பத்திரிகைக் குறிப்பை ஏப்ரல் 6-க்கு என்று வைத்துக்கொண்டோம். 1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கிய நாள் அது. வளர்ச்சிக்கும் அமைதிக்குமான சர்வதேச விளையாட்டு நாளாக அதை ஐ.நா. பொதுச் சபை 2013-இல் அறிவித்தது. அந்த நாளில் இப்படிப்பட்ட செய்தியைச் செய்தி ஆசிரியர்களே தேடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. அது பலித்தது.

ஜெர்சியின் நெஞ்சில் யாருடைய லோகோ என்பதில்தான் கூட்டம் நீண்டுவிட்டது. பார்சிலோனா கால்பந்துக் கழகம் 2006-இல் ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப் பெயரைத் தன் சட்டையில் போட்டது நினைவிருக்கும். வழக்கமாகக் கழகம்தான் பணம் வாங்கும். அங்கே கழகமே ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ கொடுத்தது. அந்த உதாரணத்தை ஓர் உறுப்பினர் எடுத்துச் சொன்ன பிறகு முடிவு எளிதானது. நெஞ்சில் பள்ளியின் பெயர், பங்காளிகளின் லோகோ கையில். மூன்று பங்காளிகளும் மறுப்புச் சொல்லாமல் ஏற்றார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

வானொலி அறிவிப்பு நாங்கள் நினைத்ததற்கு மேல் வேலை செய்தது. ஆனால் அதில் எங்கள் பிழையும் உண்டு. 'கிரிக்கெட் பொருள்கள் தாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டோம். வந்தவை பெரும்பாலும் பெரியவர்களின் மட்டைகளும் பந்துகளும். ஆண்கள் ஆடும் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை; 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம்தான். கனமான பந்தும் நீளமான மட்டையும் சின்னக் கைக்குப் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். இரண்டாம் அறிவிப்பில் வயதையும் அளவையும் சேர்த்துச் சொன்னோம், அப்புறம் சரியான பொருள்கள் வந்தன. பெரிய மட்டைகள் வீணாகவில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்குப் போயின.

அடுத்தது ஆடுகளம். செயற்கைத் தளத்துக்கு விதிப்படி குறைந்தது 17.68 மீட்டர் நீளமும் 1.83 மீட்டர் அகலமும் வேண்டும். நாம் கான்கிரீட் போட்டு மேலே விரிப்பு இட்டிருக்கிறோம். கான்கிரீட் போட்ட நான்காம் நாளே திறப்பு ஆட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்று காணொளிப் பங்காளி கேட்டார்கள். குழுவினர் இருக்கும்போதே முடிந்தால் நல்லது என்று எங்களில் சிலருக்கும் ஆசைதான். கட்டுமானப் பொறுப்பாளர் உறுதியாக மறுத்தார். கான்கிரீட் தண்ணீர் வற்றி இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால் ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும், அதன் வலிமையை 28 நாள் கணக்கில்தான் மதிப்பிடுவார்கள். ஒரு காட்சிக்காகத் தளம் விரிசல் விட்டால், நாம் போன பிறகு பந்து தாறுமாறாக எழும்பி அடிபடப்போவது பிள்ளைகள்.

ஆகவே அந்த நாள்களில் பயிற்சி பக்கத்து மண்தரையில் டென்னிஸ் பந்தோடு நடந்தது. ஆசிரியர்கள் காலையும் மாலையும் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றியதைக் காணொளிக் குழு எடுத்தது. நம் பயணத்தைப் பற்றி வந்தவற்றில் மிகச் சிறந்த பதிவு அதுதான் என்பது எங்கள் கருத்து. திறப்பு ஆட்டம் நாம் திரும்பிய பிறகு நடந்தது. நம்மவர் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவர் கைப்பேசியில் எடுத்து அனுப்பியதைத்தான் பங்காளிகள் மூவரும் வெளியிட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் வந்த செய்திகளில் எல்லாம் நம் பயிற்றுநர்களே முன்னால் நின்றார்கள். பத்திரிகைக் குறிப்பை நாங்களே அப்படித்தான் எழுதியிருந்தோம். பயணத்தின் நோக்கமோ அங்கேயே இருந்து கற்பிக்கப்போகும் ஆசிரியர்களைத் தயார் செய்வது. பாதி வழியில் குறிப்பை மாற்றி, அவர்கள் பேச்சையும் அவர்கள் வேலையையும் முதலில் வைத்தோம். முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

படங்கள் விஷயத்தில் பெரிய தவறு எங்களுடையது. பெற்றோரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினோம். ஆனால் படிவம் அவர்கள் படிக்கும் மொழியில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு ஆசிரியை கேட்ட பிறகுதான் உறைத்தது. பிள்ளைகளின் தனிமைக்கு உரிமை உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த உரிமையைப் புரியாத தாளில் கையெழுத்தாக வாங்கியது ஒப்புதலே அல்ல. அதுவரை எடுத்த படங்களை நிறுத்தி வைத்தோம். ஆசிரியை பெற்றோர் மொழியிலேயே விளக்கி மறுபடி கேட்டார். சிலர் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் பட்டை கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது அவர்களைத் தனியாகக் காட்டிவிடும் என்று விட்டுவிட்டோம். மைதானத்தின் ஒரு பக்கத்துக்குக் கேமரா போகவே கூடாது என்று வைத்தோம், அவ்வளவுதான். வெளியிட்ட படங்களில் முழுப் பெயர் இல்லை. கைப்பேசிப் படங்களில் பதிவாகும் இடக் குறிப்பையும் நீக்கினோம். பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் படத்தை ஒரு பங்காளி விரும்பிக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அவர்கள் ஓடி ஆடத்தான் அங்கே வந்தார்கள்.

கணக்கு பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைத்த விளம்பர இடத்தையும் ஒலிபரப்பு நேரத்தையும் நன்கொடைத் தொகையோடு கூட்டவில்லை. அது நம் கைக்கு வராத பணம். தனிப் பட்டியலாக இணைத்திருக்கிறோம்.

வெளியிடாத முதல் மூன்று நாள் படங்களை அழித்துவிட்டோம். மற்றவற்றின் மூலப் பிரதிகளைப் பள்ளியிடம் ஒப்படைத்தாயிற்று. இனி எதையாவது பயன்படுத்த வேண்டுமென்றால் நாமும் பங்காளிகளும் பள்ளியிடம் கேட்க வேண்டும். புதிய ஒப்புதல் படிவங்கள் செயலாளரிடம் உள்ளன. பிள்ளைகளின் பெயர் இருப்பதால் அவற்றை நகல் எடுக்காமல், நேரில் வந்து பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஊடக, விளம்பரக் குழு