பழனிக்கு: வண்டி நின்ற இடத்திலிருந்து

அடிலெய்டு, ஆஸ்திரேலியா
அக்டோபர் 12

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பாப்பா காலேஜில் சேர்ந்தது, பட்டறைக்குப் பின்னால் புது ஷெட் போட்டது, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் படித்தேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். உடனே பதில் போட முடியாமல் போனதற்குக் காரணம், நாங்கள் ஊரிலேயே இல்லை. ஊட்னடட்டா தடத்தில் வண்டி நின்றுபோய், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நடுப்பொட்டலில் கிடந்தோம். நானும் கோமதியும் செவலையும். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே இதை முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்தது சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான்.

செவலையைப் போட்டோவில் பார்த்திருக்கிறாய். கெல்பி ஜாதி, இந்த நாட்டில் ஆட்டு மந்தை மேய்க்கிற நாய். ஐந்து வயது, 19 கிலோ. நம்மூர்ச் செவலைக் காளையின் நிறம், அதனால் அந்தப் பேர். பிள்ளைகள் இரண்டும் வேலைக்கு வெளியூர் போன பிறகு வீட்டில் எங்களோடு இருப்பது அவள்தான். விட்டுவிட்டுப் போக மனசு வராது.

பாதையைப் பற்றி முதலில் சொல்கிறேன். அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் போனால் மரீ என்று ஒரு குட்டி ஊர். அங்கே தொடங்கி மார்லா வரைக்கும் 620 கிலோமீட்டர் மண் சாலை, அதுதான் ஊட்னடட்டா தடம். அந்தக் காலத்தில் மரீயில் ஒட்டகம் ஓட்டியவர்களில் நிறையப் பேர் நம் பக்கத்து ஆட்கள். பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் எல்லையிலிருந்து வந்தவர்கள். இங்கே எல்லோரையும் சேர்த்து ஆப்கானியர் என்று கூப்பிட்டுவிட்டார்கள். பின்னால் வந்த ரயிலுக்குக் கான் என்று பேர் வந்தது அதிலிருந்துதான் என்று சொல்கிறார்கள். 1980இல் இந்தப் பாதையில் ரயில் நின்றுபோனது. இரும்புப் பாலங்களும் கூரை போன ஸ்டேஷன்களும் இன்னும் வழியெல்லாம் நிற்கின்றன.

இந்தப் பாதையை யார் போட்டது என்று கேட்டால், தண்ணீர் என்றுதான் சொல்வேன். பூமிக்கடியில் இருக்கிற பெரிய ஊற்று நீர் இந்தக் கோட்டில் ஆங்காங்கே மேட்டுக்கு மேட்டு பொங்கி வருகிறது. அது அரபானா மக்களின் பூமி. அவர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக ஊற்றுக்கு ஊற்று நடந்த வழியில்தான் வெள்ளைக்காரன் வந்தான். 1872இல் தந்திக் கம்பியை முடித்தான், அப்புறம் தண்டவாளம் போட்டான். நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே. இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் இதற்கு வருகிறேன்.

செப்டம்பர் கடைசி வாரம் கிளம்பினோம். குளிர்காலம் முடிகிற நேரம், பகலில் 28 டிகிரி இருக்கும் என்று கணக்கு. அந்த வாரம் பார்த்து வெயில் முந்திக்கொண்டது. 37 டிகிரி. கவர்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டி, அடுத்த ஊரான வில்லியம் கிரீக்குக்கு இன்னும் 30 கிலோமீட்டர். மத்தியானம் இரண்டு மணி. டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏறியது. ஏஸியை அணைத்தேன், ஹீட்டரைப் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன். முள் நிற்கவில்லை. ஓரம் கட்டி நிறுத்தி பானட்டைத் திறந்தால் இனிப்பு வாடையோடு ஆவி அடிக்கிறது. எஞ்சினை ஆற்றுகிற கூலன்ட்.

அந்தச் சாலை எப்படி என்றால், தகரக் கூரையின் மேல் ஓட்டுகிற மாதிரி. மடிப்பு மடிப்பாக, நூறு கிலோமீட்டருக்கு ஒரே சீராக. டயரில் காற்றை 28க்கு இறக்கித்தான் ஓட்டினேன். ஆனாலும் அந்த அதிர்வில் எது இளகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி கிளாம்ப், ஷாக் அப்சார்பர், மேல் கேரியர், எல்லாவற்றையும் தினமும் சாயங்காலம் ஸ்பானரை எடுத்து ஒரு சுற்று பார்த்துவிடுவேன். ரேடியேட்டரைத் தாங்குகிற ரப்பர் புஷ்ஷைப் பார்க்கவில்லை. ஒன்று தேய்ந்து நொறுங்கியிருந்தது. அந்தப் பக்கம் ரேடியேட்டர் ஆடி ஆடி, மேல் டேங்க் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்கிற மடிப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். உன் பட்டறையில் எத்தனை லாரி ரேடியேட்டரைக் கழற்றியிருக்கிறேன்! கிளம்பும் முன் கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஹோஸ் கிழிந்திருந்தால் நீ சொல்லிக் கொடுத்த வேலையைச் செய்திருப்பேன். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கிளாம்ப். அதற்கென்றே ஒரு ட்யூப் வண்டியில் கிடக்கிறது. பிளாஸ்டிக் டேங்கில் அது பிடிக்காது. எஞ்சின் ஆறினதும் மணல் தாளால் தேய்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த எம்சீலைப் பிசைந்து அப்பினேன். ராத்திரி காயவிட்டுக் காலையில் ஓட்டிப் பார்த்ததில் கசிவு பாதியானது, முழுசாக நிற்கவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டிய இடம். நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ரேடியேட்டர் மூடியைத் தளர்த்திவிட்டு, பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொண்டு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, எப்படியாவது 30 கிலோமீட்டரை உருட்டிவிடுவாய். சேலம் ரோட்டில் நாம் இரண்டு பேரும் அப்படிச் செய்திருக்கிறோம். கையும் அதற்குத்தான் துடித்தது.

தண்ணீரைப் பற்றி முன்னால் சொன்னேனே, இதற்குத்தான். எங்களிடம் 60 லிட்டர் தண்ணீர் இருந்தது. எனக்கும் கோமதிக்கும் அந்த வெயிலில் ஆளுக்கு நாளைக்கு 6 லிட்டர். செவலைக்குக் குடிக்கவும் உடம்பை நனைக்கவும் 3 லிட்டர். நாளைக்கு 15 என்றால் நான்கு நாள். எஞ்சினுக்கு ஊற்ற ஆரம்பித்தால் எத்தனை குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பத்து கிலோமீட்டர் போய், பாதித் தண்ணீரும் தீர்ந்து, ஹெட் கேஸ்கெட்டும் போய் நின்றால்? நாமக்கல்லில் அடுத்த லாரி இரண்டு நிமிஷத்தில் வரும், பக்கத்தில் டீக்கடை இருக்கும், பம்ப்செட் இருக்கும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் செங்கல் நிறத்துக் கல், அதன்மேல் கானல். சாய்ந்து நிற்க ஒரு மரம் கிடையாது. 45 லிட்டரைத் தனியாக எடுத்துப் பின்னால் வைத்தேன். மிச்சம் 15தான் வண்டிக்கு, அதுவும் காலையில்தான் என்று கோமதியிடம் சொன்னேன். அவள், "செவலை போதும்னு வாயைத் திறந்து சொல்லமாட்டா, அவ பங்கைத் தனி கேன்ல வைங்க" என்றாள். 5 லிட்டர் கேன் ஒன்றில் செவலைக்கென்று தனியாக வைத்தோம்.

நாய்க்கு உடம்பு வேர்க்காது என்பது உனக்குத் தெரியும். மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். வண்டிக்குள் இருந்தால் சமைந்துபோகும், எஞ்சினுக்கு அடியில் போனாலும் அனல். வண்டியின் நிழல் பக்கமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் செவலை தானே இடம் பார்த்து, முன்னங்கால் இரண்டாலும் மேல்மண்ணைப் பறித்துத் தள்ளினாள். முழம் ஆழத்தில் மண் கொஞ்சம் கருத்திருந்தது. அதில் வயிற்றை அழுத்திக் கால் நான்கையும் பரப்பிப் படுத்துக்கொண்டாள். நான் கையை விட்டுப் பார்த்தேன், பழைய திண்ணை மாதிரி சில்லென்று இருந்தது. அரைமணிக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர். ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுவாள். ஈரத் துணியால் வயிறு, தொடை இடுக்கு, பாதம். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். ரத்தச் சிவப்பாக மாறினாலோ, எச்சில் கோழை மாதிரி இழுத்தாலோ, நடை தள்ளாடினாலோ சூடு தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஈறு ரோஸ் நிறத்திலேயே இருந்தது.

இரண்டு தரம் மட்டும் இறக்கி நடத்தினேன், பொழுது சாய்ந்த பிறகு, கயிற்றில். பகலில் அந்தக் கல்லில் புறங்கையை ஐந்து எண்ணும் வரை வைக்க முடியாது, பாதம் வெந்துவிடும். இரண்டாம் தரம் நொண்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தால் விரலிடுக்கில் முள். எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பழனி, நம்மூர் நெருஞ்சி! அதே முள், அதே கொம்பு. கடல் கடந்து வந்து இந்தப் பாலையில் அதைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது.

வாய்க்கு வலைமூடி போட்டுத்தான் நடத்த வேண்டும், அதையும் சொல்கிறேன். இந்தப் பக்கம் டிங்கோ என்கிற காட்டு நாய்களைக் கொல்ல 1080 என்று ஒரு விஷத்தை இறைச்சியில் வைத்துப் போடுகிறார்கள். ஆட்டைக் காப்பாற்ற 5,600 கிலோமீட்டருக்கு வேலி போட்ட நாடு இது. அந்த வேலி இந்தத் தடத்தையும் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒரு துண்டைக் கவ்வினால் நாய் போச்சு, மாற்று மருந்து கிடையாது.

நாலரை மணிக்கு ஒரு தூசிப் படலம் தெரிந்தது. அதற்கு முன் ரேடியோவில் 40ஆம் சேனலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், பதில் இல்லை. செல்போன் சிக்னலைப் பற்றிப் பேசவே வேண்டாம். வந்தது கேரவன் இழுத்துக்கொண்டு வந்த வயசான தம்பதி. பின்சீட்டில் ஒரு ஆளுக்கு இடம் பண்ணலாம், நாயைக் கேரவனில் போட்டுக்கொள்ளலாம் என்றார் பெரியவர். நல்ல மனசோடுதான் சொன்னார். மூடின கேரவனில், அந்த வெயிலில், தூசிக்கு நடுவே அவளை ஏற்ற முடியுமா? கோமதி மட்டும் போகட்டும் என்றேன். "நீங்க ரெண்டு பேரும் இங்க, நான் அங்க உக்காந்து என்ன பண்ண?" என்று மறுத்துவிட்டாள். அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பேர், ஜிபிஎஸ் எண், வண்டி எது, கோளாறு எது, இரண்டு பேர் ஒரு நாய், தண்ணீர் மூன்று நாளைக்கு இருக்கிறது, எந்த நம்பருக்குப் பேச வேண்டும். வாயால் சொன்னால் 30 கிலோமீட்டரில் பாதி மறந்துவிடும்.

என்னிடம் ஆபத்துக் கருவி ஒன்றும் இருந்தது. ஆன்டெனாவை விரித்துப் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குப் போய்ச் சேரும். அழுத்தவில்லை. அது உயிர் போகிற நேரத்துக்கு. தண்ணீரும் நிழலும் இருக்கிறவன் அதைத் தொட்டால், வேறு எவனுக்கோ போக வேண்டிய விமானம் நமக்கு வரும். செவலைக்கு ஏதாவது ஆகியிருந்தால் கை அதன்மேல் போயிருக்குமோ என்று கோமதி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

ராத்திரி குளிர்ந்துவிட்டது. செவலையைக் கூடாரத்துக்குள் எங்கள் நடுவில் படுக்கவைத்தோம். தூரத்தில் டிங்கோ ஊளையிட்டது. அவள் காது மட்டும் விறைத்தது, குரைக்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. 30 கிலோமீட்டர்தானே, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடந்தால் வெயிலுக்கு முன் பாதி போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இப்படி நினைத்தவர்கள் இதற்கு முன்னும் இருந்தார்கள். அதே மரீயிலிருந்து பிரிகிற பேர்ட்ஸ்வில் தடத்தில், 1963 டிசம்பரில் ஒரு குடும்பம், அப்பா அம்மா மூன்று மகன்கள், பெட்ரோல் தீர்ந்து வண்டியை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் போய்விட்டார்கள். 1998இல் நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஏரிக்கரையில் மணலில் வண்டி புதைந்து, ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண் வில்லியம் கிரீக்கை நோக்கி நடந்தாள். கூட வந்தவர் திரும்பி வண்டியோடு இருந்தார், பிழைத்தார். அவள் பிழைக்கவில்லை. ஆகாயத்திலிருந்து தேடினால் வண்டி தெரியும், ஆள் தெரியமாட்டான். நான் எழுந்து போய்த் தண்ணீர்க் கேன்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் காலை ஒரு மாட்டுப் பண்ணை வண்டி வந்து தகவல் சொன்னது: பெரியவர் பேசிவிட்டார், கூபர் பீடியிலிருந்து இழுவை வண்டி கிளம்பிவிட்டது. முதலில் போனில் பேசியவர், நாய் கேபினில் ஏறாது, மேலே ஏற்றுகிற வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் விடாமல் நின்று, அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்லி மாற்றியிருக்கிறார். முன்பின் தெரியாத மனுஷன், பழனி. பேர்கூடச் சரியாகக் கேட்டு வைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு இழுவை வண்டி வந்தது. செவலை என் காலடியில் 200 கிலோமீட்டரும் தூங்கிக்கொண்டே வந்தாள்.

கூபர் பீடி ஓப்பல் கல் தோண்டுகிற ஊர். வெயிலுக்குப் பயந்து வீட்டையே பூமிக்கடியில் குடைந்திருக்கிறார்கள். நாய் இருந்ததால் எங்களுக்குக் கூடாரம்தான். அடிலெய்டிலிருந்து ரேடியேட்டர் வர மூன்று நாள். புஷ் நான்கையும் புதிதாகப் போட்டு, பட்டறைக்காரரோடு நானும் படுத்து மாட்டினேன். பழைய புஷ்ஷை எடுத்து வைத்திருக்கிறேன், போட்டோ இதோடு அனுப்புகிறேன். அது வெறும் அதிர்விலேயே நொறுங்கியதா, முன்பே காய்ந்து வெடித்திருந்ததா என்று பார்த்துச் சொல்.

அந்த மறுநாள் காலை, எம்சீல் பாதி பிடித்திருந்தபோது, ஒதுக்கி வைத்த 15 லிட்டரில் ஓட்டிப் பார்த்தது நானூறு மீட்டர்தான். திருப்பிக் கொண்டுவந்து அதே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். நீ ஓட்டியிருப்பாயா? மழுப்பாமல் எழுது.

அம்மாவின் காலுக்கு நான் சொன்ன டாக்டரைப் பார்த்தீர்களா? தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வம்