ஒளியும் அலைகளும்: ஏழு, எட்டாம் வகுப்புப் பெற்றோர்க்கு

அன்புள்ள பெற்றோர்க்கு,

வணக்கம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று நம் பள்ளியில் நடைபெறும் கண்காட்சிக்கு, ஏழு மற்றும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘ஒளியும் அலைகளும்’ என்ற தலைப்பு தரப்பட்டுள்ளது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், 1930ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றுத்தந்த ஒளிச்சிதறல் விளைவை 1928இல் இதே நாளில்தான் கண்டறிந்தார் என்பதால் இத்தலைப்பு பொருத்தமாக அமைந்தது. பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தர வேண்டும் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். எதுவும் வாங்க வேண்டாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

கடையில் ஆயத்தமாக விற்கும் மாதிரிகளைக் கொண்டுவரும் மாணவர்கள், விளக்கு எரிவதைக் காட்டுகிறார்களே தவிர, ஏன் எரிகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். வீட்டில் உள்ள ஓர் எவர்சில்வர் கிண்ணமும் ஒரு ரூபாய் நாணயமும் அதைவிட அதிகம் கற்பிக்கும். நாணயத்தைக் கிண்ணத்தின் அடியில் சிறிது மெழுகு வைத்து ஒட்டிவிட்டு, அது விளிம்புக்குக் கீழே சற்றே மறையும் வரை பிள்ளையைப் பின்னால் நகரச் சொல்லுங்கள். அவர் தலையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கிண்ணத்தில் மெல்லத் தண்ணீர் ஊற்றினால், மறைந்த நாணயம் மேலெழுந்து வருவதுபோல் தெரியும். ஒளி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டரும், நீரில் சுமார் 2,25,000 கிலோமீட்டரும் செல்கிறது. வேகம் மாறும் அந்த நீர்ப்பரப்பில் சாய்வாக வெளியேறும் கதிர் வளைந்து கண்ணை வந்தடைகிறது. ஒளிவிலகல் என்று பாடநூல் கூறுவது இதைத்தான்.

அலைகளுக்கு ஒரு கயிறு போதும். அதன் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, நடுவில் ஒரு துணித்துண்டை முடிந்துவிட்டு, மறுமுனையை மேலும் கீழும் உதறினால், அலை சன்னல் வரை ஓடும். துணித்துண்டோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அலை எடுத்துச் செல்வது ஆற்றலையே, பொருளை அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

அண்மையில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி, “அடுக்களையில் இருக்கும் அம்மாவின் குரல் கூடத்தில் கேட்கிறது, முகம் மட்டும் ஏன் தெரிவதில்லை?” என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. ஒலி சுவர்களில் பட்டு எதிரொலித்து வருவது ஒரு காரணம், மற்றொன்று அலைநீளம், அதாவது ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், நொடிக்கு 340 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம் வீட்டு வாசற்கதவின் அகலம். அத்தகைய அலை வாசலைக் கடந்ததும் பக்கவாட்டில் விரிந்து பரவும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அது எட்டாது. அவ்வளவு சிறிய அலை, வாசலின் ஓரத்தில் நாம் உணரும் அளவுக்கு வளைவதில்லை.

ஒலி பரவ காற்று, நீர் போன்ற ஓர் ஊடகம் தேவை, ஒளிக்குத் தேவையில்லை என்ற விடையைத் தேர்வில் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். சூரிய ஒளி 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நம்மை அடையும்போது, சூரியனின் ஓசை ஏன் கேட்பதில்லை என்று இரவு உணவின்போது கேட்டுப் பாருங்கள். உடனே விடை வராவிட்டால் கோபிக்க வேண்டாம், விடையை நீங்களே சொல்லிவிடவும் வேண்டாம்.

இரண்டு செய்திகளில் மட்டும் கண்டிப்பு தேவை. சூரியனை வெறுங்கண்ணாலோ லென்ஸ் வழியாகவோ பார்க்க எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். திருவிழாக் கடைகளில் விற்கும் லேசர் விளக்குகள் விழித்திரையைக் கெடுக்கக்கூடியவை என்பதால் அவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவரத் தடை உண்டு. கொண்டுவந்தால் வாங்கி வைக்கப்பட்டு, பெற்றோரிடம் மட்டுமே திருப்பித் தரப்படும்.

கண்காட்சி காலை 10 மணிக்குத் தொடங்கும். பெற்றோர் எந்த மேசையிலும் நின்று பிள்ளைகளிடம் கேள்வி கேட்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்