சட்டியை நெருப்பில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய வார்ப்பிரும்புச் சட்டியைப் புதிதாக்க ஒரு குறிப்பு வந்திருந்தது. சிவக்கக் காய்ச்சி அப்படியே தண்ணீரில் முக்கினால் கறை உதிர்ந்துவிடுமாம். உதிரும்தான். கூடவே சட்டியும் போய்விடும்.

31 வருடம் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்திருக்கும். அதனால் உருக்கி அச்சில் ஊற்றச் சுலபம். அதனாலேயே அடித்தால் நெளியாமல் உடையும், சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் பட்டால் பட்டென்று விரிசல் விடும். இவ்வளவு தெரிந்த நானே என் மாமியாரின் சட்டியை ஒருமுறை விறகுத் தீயில் போட்டேன். தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஆறியபின் எடுத்து வைத்தால், அடி வளைந்து அடுப்பின் மேல் ஆடுகிறது. என் மனைவி அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? முதலில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது. சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல் இருக்கலாம், உழைப்பு வீண்.

பக்கு வேறு, துரு வேறு. பக்கு என்பது கருகி இறுகிய எண்ணெய். பிளாஸ்டிக் வாளியில் காஸ்டிக் சோடா கரைசலில் சில நாள் ஊறினால் கழன்று வரும். (சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தை இதில் போட்டால் அரித்துவிடும்.) துருவை இது தொடாது. அதற்கு, சட்டியை நன்றாக அலசிவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊறவையுங்கள். அரை மணிக்கொரு தரம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க விட்டால் அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

கழுவியதும் உடனே அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும். சில நிமிடம் அசந்தால் புதுத் துரு பூத்துவிடும். அப்புறம் எண்ணெய். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். தாராளமாகப் பூசினால் பிசுபிசுவென்று ஒட்டும். பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, ஓவனில் கவிழ்த்து வைத்து, 230 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். எண்ணெய் இறுகி இரும்போடு பிடித்துக்கொள்ளும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, அதுதான் சட்டியின் தோல். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் போதும்.

சோப்பே கூடாது என்றும் உங்கள் குறிப்பு சொல்கிறது. காரம் மிகுந்த பழைய சோப்புக்கு அது சரி. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகப் பிடித்த பூச்சை ஒன்றும் செய்யாது.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள் ஐயா. பொடி எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்புத் தொழிலாளி